பம்பு கெட்டுப்போகவில்லை, பேச்சுதான் நின்றிருக்கிறது

மலாயில் தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது அசாம் லக்சாவுக்குப் புளிப்பு கொடுக்கும் மரம். பெயரிலேயே தண்ணீர் இருக்கும் எங்கள் தாசேக் கெலுகோரில் ஒரு காலத்தில் தண்ணீர் என்றால் வயல் வாய்க்காலும் தோட்டத்துக் கிணறும்தான். இப்போது வயல்களுக்கு நடுவே ஹோம்ஸ்டே வீடுகள் முளைத்துவிட்டன. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நீச்சல் குளம் இருக்கிறதா?" என்பதைத்தான். ஆகவே குளம் வந்தது. குளத்தோடு பம்பு வந்தது. அந்தப் பம்பைக் கைத்தொலைபேசியிலிருந்தே இயக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் சுவரில் ஏறிவிட்டது.

கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. பெட்டியின் திரையில் திடீரென்று "பம்புடன் தொடர்பு இல்லை" என்று எழுத்து ஓடுகிறது. வீட்டுக்காரர் பயந்துபோய் யாரையாவது அழைக்கிறார். வருகிறவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பம்பு போய்விட்டது" அல்லது "போர்டு போய்விட்டது" என்கிறார். இரண்டில் எதை மாற்றினாலும் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி. மாற்றிய பிறகும் அதே எழுத்து திரையில் ஓடினால் என்ன செய்வது?

இந்தப் பகுதியின் வாசகர்களில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் சிலர்தான். ஆனால், வீட்டு வாயிற்கதவு, சூரிய மின்தகடு, தண்ணீர்த் தொட்டி என்று இரண்டு கருவிகள் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் எல்லா இடத்துக்கும் இன்று சொல்லப்போவது பொருந்தும். சுருக்கமாக ஒரே விஷயம்தான்: "தொடர்பு இல்லை" என்ற செய்தி எந்தக் கருவி பழுது என்று சொல்வதில்லை. பேச்சு நின்றுவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. பேசுகிறவர், கேட்கிறவர், நடுவிலுள்ள பாதை என்று மூன்று சந்தேகங்கள் அதில் இருக்கின்றன. மூன்றில் விலை குறைந்தது பாதைதான். அதனால் அதை முதலில் பார்க்க வேண்டும்.

பம்பு ஏன் பேச வேண்டும்?

பழைய பம்புக்குப் பேச்சே தேவையில்லை. சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றும். புதுப் பம்புகளில் வேகத்தை மாற்றலாம். உதாரணமாக, பெண்டேர் நிறுவனத்தின் இன்டெலிஃப்ளோ வகை நிமிடத்துக்கு 450 சுற்றிலிருந்து 3,450 சுற்று வரை எந்த வேகத்திலும் ஓடும்.

வேகத்தை மாற்றுவதில் என்ன லாபம்? பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதியாகும். ஆனால் அது எடுக்கும் மின்சக்தி பாதியாக அல்ல, எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒரு கணக்குப் போடுவோம். 1.1 கிலோவாட் பம்பு முழு வேகத்தில் 6 மணி நேரம் ஓடினால் 6.6 யூனிட் மின்சாரம். அதே தண்ணீரைப் பாதி வேகத்தில் 12 மணி நேரம் ஓட்டிச் சுத்தம் செய்தால் 1.65 யூனிட்தான். இது ஏட்டுக் கணக்கு. மோட்டார் இழப்பு, குழாய் அமைப்பு ஆகியவற்றால் நடைமுறையில் சேமிப்பு கொஞ்சம் குறையும். என்றாலும் தெனாகா கட்டணச் சீட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இந்தச் சேமிப்பு கிடைக்க வேண்டுமானால், எப்போது மெதுவாக ஓட வேண்டும், எப்போது வடிகட்டியைக் கழுவ வேகமாக ஓட வேண்டும் என்று பம்புக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலையைத்தான் பெட்டி செய்கிறது. பேச்சு நின்றால் சில பம்புகள் நின்றுவிடும். சில, தங்களுக்குள் பதிந்திருக்கும் பழைய நேர அட்டவணைக்குத் திரும்பிவிடும். பம்பு நின்ற குளத்தில் குளோரின் சுற்றி வராது. நம் வெயிலுக்குச் சில நாட்களிலேயே தண்ணீர் பச்சையாகும். கவனிக்காமல் விட்ட குளம் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் உண்டு. எனவே இது வசதிக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருளின் பிரச்சினை மட்டுமல்ல.

வகுப்பறையும் வருகைப் பதிவும்

இவை எப்படிப் பேசிக்கொள்கின்றன? பெரும்பாலான குளப் பம்புகளில் ஆர்எஸ்-485 என்ற முறைதான். 1983இல் அமெரிக்க மின்னணுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த தரம் இது. தொழிற்சாலை இயந்திரங்களுக்காக வந்தது. சாதாரணமாக ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகள், அவ்வளவுதான். மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர் வரை செய்தி போகும்.

இரண்டு கம்பி எதற்கு? பட்டர்வொர்த் ஃபெர்ரியில் அண்ணனும் தம்பியும் அருகருகே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை வந்தால் இருவரும் சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். ஆனால் அண்ணன் தம்பியைவிட எவ்வளவு உயரம் என்பது மாறாது. அதேபோல, வெளியிலிருந்து மின் இரைச்சல் வந்தால் இரண்டு கம்பியையும் ஒரே அளவில் ஆட்டும். கேட்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. அந்த வித்தியாசம் 0.2 வோல்ட் இருந்தாலே அதற்குப் புரிந்துவிடும்.

பேசும் ஒழுங்கு வகுப்பறை மாதிரி. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். அழைக்கப்பட்ட பிள்ளை மட்டும் "உள்ளேன் ஐயா" என்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஆசிரியர். பம்பு, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி, வெப்பமூட்டி எல்லாம் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ஆசிரியர் அழைத்தும் பதில் வரவில்லை என்றால் "வரவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவார். அதுதான் திரையில் நாம் பார்க்கும் "தொடர்பு இல்லை".

பிள்ளை ஏன் பதில் சொல்லவில்லை? பள்ளிக்கே வராமல் இருக்கலாம். தவறான பெயரைச் சொல்லி அழைத்திருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் ஒன்றாகப் பதில் சொல்லிச் சத்தமாகியிருக்கலாம். பக்கத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓடி எதுவும் கேட்காமல் போயிருக்கலாம். அல்லது பிள்ளைக்கு அந்த மொழியே தெரியாமல் இருக்கலாம். கம்பியில் வரும் கோளாறுகள் எல்லாம் ஏறக்குறைய இந்த ஐந்தில் அடங்கிவிடும்.

முதல் கேள்வி: எப்போதிலிருந்து?

தொழிற்சாலைப் பராமரிப்பில் வேலை செய்யும்போது என் மேலாளர்களிடம் கற்ற பழக்கம் ஒன்று உண்டு. கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எப்போதிலிருந்து இப்படி? அந்தப் பதிலே பாதி வழியைக் காட்டிவிடும்.

பொருத்திய நாளிலிருந்தே பேசவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. இணைப்பிலோ அமைப்பிலோதான் தவறு. முகவரியைப் பாருங்கள். பெட்டியில் "பம்பு 1" என்று பதிந்திருந்தால் பம்பிலும் 1 இருக்க வேண்டும். இன்டெலிஃப்ளோ போன்றவற்றில் பம்பின் திரையிலேயே முகவரியை மாற்றலாம். ஜாண்டி பம்புகளில் சின்னஞ்சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி முகவரி வைக்க வேண்டும். அடுத்து, பெட்டியின் பட்டியலில் சரியான பம்பு வகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கம்பிகள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் ஏ, பி என்று பெயர். ஆனால் தரம் சொல்லும் ஏ-வும், பல சில்லு தயாரிப்பாளர்கள் அச்சிடும் ஏ-வும் நேர் எதிர். ஆகவே ஏ-வை ஏ-வோடு கவனமாக இணைத்தும் பேச்சு வராமல் போகலாம். இரண்டு கம்பியையும் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். தகவல் கம்பிகள் இரண்டும் தங்களுக்குள் இடம் மாறுவதால் கருவி எரியாது. பெண்டேர் கருவிகளில் மஞ்சளும் பச்சையும் தகவல் கம்பிகள். மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை. பெட்டியிலுள்ள சிவப்பு முனையில் மின்னழுத்தம் இருக்கும். அதைப் பம்பின் தகவல் முனையில் தொட்டுவிடக் கூடாது.

இன்னொன்று, மொழி. பம்பும் பெட்டியும் வெவ்வேறு நிறுவனத்தவை என்றால், "இரண்டும் ஆர்எஸ்-485தான்" என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே தொலைபேசிக் கம்பிதான், ஆனால் ஒரு முனையில் ஹொக்கியன், மறுமுனையில் தமிழ் என்றால் உரையாடல் எப்படி நடக்கும்? மோட்பஸ் என்பது 1979இல் வந்த, பலரும் பேசும் பொது மொழி. பல குளக் கருவி நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி மொழி வைத்திருக்கின்றன. வாங்கும் முன்பே, "இந்தப் பெட்டி இந்த மாடல் பம்போடு பேசும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நெடுநாள் நன்றாக ஓடி, ஒரே நாளில் நின்றுவிட்டதா? அந்த நாளில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். மின்வெட்டா? இடியா? யாராவது புதுக் கருவி பொருத்தினார்களா? தோட்டக்காரர் மண்வெட்டி போட்டாரா? சில வீடுகளில் பம்புக்குப் போகும் மின்சாரமே பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரிலே வழியாகப் போகும்படி இணைத்திருப்பார்கள். பழைய ஒற்றை வேகப் பம்புக்கு அது சரி. வேகம் மாறும் பம்புக்கு மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். ரிலே அணைந்தால் பிள்ளை பள்ளிக்கே வராத கதைதான்.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும்: வருகிறது, போகிறது, மீண்டும் வருகிறது.

வெயில் ஏறினால் தேறும் பம்பு

தாசேக் கெலுகோருக்கு வெளியே வயலோரத்தில் இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு விலைப்பட்டியல்.

"தம்பி, பம்பு போச்சுன்னு சொல்லிட்டாங்க. புதுசு போட ஏழாயிரம் வெள்ளியாம். லீவுக்கு ஆளுங்க புக் பண்ணிட்டாங்க. என்ன செய்றதுன்னே தெரியல."

"அக்கா, எப்பெப்ப நிக்குது? எப்பவுமா?"

"எப்பவும் இல்ல. ராத்திரி மழை பேஞ்சா காலையில நின்னு கெடக்கும். பத்து பதினொரு மணிக்கு வெயில் ஏறினா தானா வந்துரும்."

மோட்டார் கெட்டிருந்தால் வெயிலைப் பார்த்துத் தேறாது. போர்டும் அப்படியே. ஈரத்தில் படுத்து வெயிலில் எழுவது கம்பி இணைப்பின் குணம். பெட்டியின் தொடர்பைத் துண்டித்துவிட்டு, பம்பை அதன் சொந்தப் பொத்தானிலிருந்து ஓட்டச் சொன்னேன். எல்லா வேகத்திலும் நன்றாக ஓடியது. ஏழாயிரம் வெள்ளிக் கேள்விக்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு வீட்டிலிருந்து பம்பு அறைவரை கம்பி போகும் பாதையில் நடந்தோம். பாதி வழியில், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு இணைப்புப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் எறும்புக் கூடு. அடியில் தண்ணீர். இரண்டு கம்பிகளையும் கையால் முறுக்கி, கறுப்பு நாடா சுற்றி வைத்திருந்தார்கள். நாடாவைப் பிரித்ததும் ஒரு கம்பியின் செம்பு பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. அம்மாவின் மகன் எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுக்கா ஏழாயிரம்?" என்றார்.

புதிதாக முறுக்கிய கம்பியை இடையில் இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாக இழுத்தோம். மின்கம்பி போகும் குழாயைத் தவிர்த்து, தனிக் குழாயில் போட்டோம். இதில் ஒரு காரணம் இருக்கிறது. வேகம் மாறும் பம்பு, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துண்டித்துத் துண்டித்துத்தான் மோட்டாரின் வேகத்தை மாற்றுகிறது. அந்த மின்கம்பி அருகில் இருந்தால் தகவல் கம்பிக்குள் இரைச்சல் புகும். குறைந்த வேகத்தில் பேச்சு வந்து, வேகம் கூட்டினால் நிற்கிறது என்றால் இந்த இரைச்சலைச் சந்தேகிக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதலில் பாதுகாப்பு. பம்பு 240 வோல்ட்டில் ஓடுவது, அதுவும் தண்ணீருக்குப் பக்கத்தில். மூடி எதையும் திறக்கும் முன் பம்பின் சுவிட்சையும், பெட்டியின் சுவிட்சையும் அணையுங்கள். அணைத்த பிறகும் வேகம் மாற்றும் பம்புக்குள் மின்சாரம் சில நிமிடங்கள் தேங்கி நிற்கும். கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். இஎல்சிபி அடிக்கடி விழுகிறது என்றால் இது பேச்சுப் பிரச்சினையே அல்ல. குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒயர்மேனை அழையுங்கள். மின்கம்பிப் பக்கம் முழுவதும் அவருடைய வேலை. நாம் பார்ப்பது மெல்லிய தகவல் கம்பியை மட்டும்.

ஒன்று, பம்பைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாடும் நலம். கோளாறு சரியாகும்வரை பம்பை இப்படிக் கையாலேயே ஓட்டலாம். தண்ணீர் பச்சையாகாது, அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. பம்பு நிற்கும் நேரங்களில் உப்பு குளோரின் கருவியும் வெப்பமூட்டியும் அணைந்திருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்டி பம்பைச் சரியாகக் கையாளும்போது, இன்டெலிஃப்ளோ பம்பின் திரையில் "திரை செயலில் இல்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத்து வரும். பொத்தான்கள் வேலை செய்யாது. பலர் இதைப் பார்த்துப் பம்பு செத்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் பேச்சு நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு, ஒரே கம்பியில் வேறு கருவிகள் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரு பிள்ளை ஓயாமல் கத்தினால் வகுப்பு முழுவதும் கேட்காது. குளோரின் கருவியைக் கழற்றியதும் பம்பு பேச ஆரம்பித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். வைஃபை வழியாகப் பம்பை ஆளும் இன்னொரு சிறு பெட்டியை யாராவது பின்னால் சேர்த்திருந்தால் அதையும் கழற்றுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் போதும்.

மூன்று, கம்பியைச் சோதியுங்கள். எல்லா மின்சாரத்தையும் அணைத்து, தகவல் கம்பியின் இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றுங்கள். பம்புப் பக்கத்தில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பெட்டிப் பக்கத்தில் மல்டிமீட்டரால் ஓம் அளவு பாருங்கள். வீட்டு நீளத்துக்கு ஐந்து ஓமுக்குள் வந்தால் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறது. பல மடங்கு கூடினாலோ, எண் நிலையாக நிற்காமல் தாவினாலோ நடுவில் எங்கோ இணைப்பு அரித்திருக்கிறது. பிறகு அந்தப் பக்கம் சேர்த்ததைப் பிரித்துவிட்டு மீண்டும் அளந்தால், மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் கம்பிகள் உள்ளே ஒன்றையொன்று தொடுகின்றன.

நான்கு, நீண்ட கம்பியையே விட்டுவிட்டு, பம்புக்கும் பெட்டிக்கும் இடையே தற்காலிகமாக ஒரு புதுக் கம்பியைத் தரைமேல் இழுத்துப் பாருங்கள். பேச்சு வந்தால் குற்றம் பழைய கம்பியில். வராவிட்டால் கருவிகளில். சில வெள்ளிக் கம்பியில் நடக்கும் இந்த ஒரு சோதனை, மூன்று சந்தேகங்களில் ஒன்றை முழுதாக நீக்கிவிடுகிறது. விலைப்பட்டியலோடு வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: "வேறு கம்பி போட்டுப் பார்த்தீர்களா?"

கடைசியில் 120 ஓம் மின்தடை. இணையத்தில் தேடினால், கம்பியின் இரு முனையிலும் அதைப் போடச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கும் அதிவேகத்துக்கும் அது அவசியம். குளப் பம்புகள் வழக்கமாகப் பேசும் வேகம் நொடிக்கு 9,600 பிட். இருபது மீட்டர் கம்பியில் அது இல்லாததால் பேச்சு நிற்பது அரிது. அதைத் தேடி நேரத்தைச் செலவிடுவதற்கு முன் மற்றதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால்

எல்லாக் கோளாறும் கம்பியோடு போய்விடும் என்று சொல்லவில்லை. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர் வாக்கிலும் மாலை நேர இடியை நாம் அறிவோம். நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட கம்பியில் மின்னழுத்தம் தாவும். ஆர்எஸ்-485 சில்லுகள் தரப்படி தாங்க வேண்டியது மைனஸ் 7 வோல்ட் முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். மின்னல் அலையோ நூற்றுக்கணக்கான வோல்ட்டாக இருக்கலாம். முதலில் போவது தகவல் முனையில் இருக்கும் எட்டுக் கால் சில்லு. பம்பு கையால் இயக்கினால் நன்றாக ஓடும், புதுக் கம்பி போட்டாலும் பேசாது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அந்தச் சில்லைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் பம்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மின்னணுப் பலகை பழுது பார்க்கும் நல்ல கடையில், சில வெள்ளி விலையுள்ள அந்தச் சில்லை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோகாமல் விற்றவரிடமே கொடுங்கள். சரிசெய்த பிறகு, தகவல் கம்பிக்கு மின்னழுத்தத் தாவலைத் தடுக்கும் பாதுகாப்பு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். இடி பலமாக இருக்கும் மாலைகளில் சுவிட்சை அணைத்து வைப்பதும் உதவும்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் மின்னணு ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இந்தப் பிரச்சினையை அவர்களிடம் கொடுங்கள். மெல்லிய தகவல் கம்பியை மட்டும்தான், மின்சாரப் பக்கத்தை அல்ல. யூஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்-485க்கு மாற்றும் சிறு கருவியை மடிக்கணினியில் செருகினால், பம்பும் பெட்டியும் பேசிக்கொள்வதை எண்களாகப் பார்க்கலாம். பெட்டி கேட்கிறது, பம்பு பதில் சொல்லவில்லை என்பது கண்முன்னே தெரியும். பெண்டேர் கருவிகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் நோட்ஜேஎஸ்-பூல்கன்ட்ரோலர் என்ற திறந்த மூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

இது பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து பினாங்கில் நம் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் தொழிற்சாலை வேலைக்குப் போயிருக்கிறார்கள். பிறை, பத்து காவான், கூலிம் என்று எங்கே போனாலும் இயந்திரங்களுக்கு இடையே ஓடுவதில் இதே இரண்டு கம்பியையும், இதே மோட்பஸ் மொழியையும் பார்க்கலாம். இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவருக்கும், அது ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் உண்டு. பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை போலிடெக்னிக்கும், 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளோடு பெற்றோர் ஒருமுறை போய் விசாரித்து வரலாம்.

இந்த வாரம் செய்ய ஒரு சிறு வேலை. ஒரு தாளை எடுத்து, பம்பின் மாடல், முகவரி எண், எந்த நிறக் கம்பி எந்த முனையில் இருக்கிறது, கம்பி எந்த வழியாகப் போகிறது, நடுவில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். கைத்தொலைபேசியில் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். எல்லாம் நன்றாக ஓடும் நாளில் எழுதினால் பத்து நிமிட வேலைதான். பழுதான நாளில் எழுத உட்கார்ந்தால், எது சரியாக இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்த வாரம்: வாயிற்கதவு மோட்டார் மழைக்காலத்தில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்று பார்ப்போம்.